வரிசை எண் இருநூற்றுப் பதினான்கு

கண்ணாடிக்காரரின் உடம்புக்குள் ஏழு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தது அவருடைய தங்கையின் சிறுநீரகம். வீட்டில் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. தங்கைக்குச் சளி பிடித்தால் மட்டும் அண்ணி இரண்டு பேருக்கும் சேர்த்துக் கஞ்சி வைப்பாள். "ஒரே மிஷினோட ரெண்டு பார்ட்டு. ஒண்ணு மக்கர் பண்ணா இன்னொண்ணையும் பாத்துக்கணும்ல" என்பாள்.

மூன்று பேரும் ஒரே வீட்டில்தான். கீழே ஒரு அறையும் சமையலறையும் அண்ணன் அண்ணிக்கு. மாடியில் தகரம் போட்ட அறை தங்கைக்கு. வீட்டில் குழந்தைகள் இல்லை. தங்கைக்கு முப்பத்தைந்து வயதில் ஒருவர் கல்யாணத்துக்குச் சம்மதித்திருந்தார். ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்த வாரமே ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "ரெண்டு கிட்னி இருக்கறவளாப் பாத்துக்கறேன்னுட்டாரு. நியாயந்தானே, ஸ்டெப்னி இல்லாத வண்டிய எவன் வாங்குவான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அண்ணன் அந்தச் சிரிப்பில் சேரமாட்டார். எழுந்து போய்க் குழாயைத் திறந்து, கழுவிய கையையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பார்.

பஸ் போகும் சாலையில் இருந்தது அவர் கடை. சுவரோரம் சாய்த்து வைத்த பெரிய கண்ணாடித் தகடுகள், நடுவில் பழைய கம்பளி விரித்த நீள மேஜை, ஒரு டப்பாவில் மண்ணெண்ணெய். வெட்டும் கருவியின் சிறிய சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பாக இழுப்பார். புதுத்துணி கிழிவது போல ஒரு சத்தம். பிறகு தகட்டை மேஜை விளிம்புக்குத் தள்ளி, இரண்டு கையாலும் பிடித்து ஒரு அழுத்து. கோட்டோடு பிரிந்து வந்துவிடும். "ஒரு தடவைதான். அதே கோட்டுல ரெண்டாவது தடவை போனேன்னா கண்ணாடிக்குச் சந்தேகம் வந்துரும்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார்.

அண்ணி ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு நீராவி இஸ்திரி போடுபவள். சோப்பு வாசம் அவள் கையை விட்டுப் போனதே இல்லை. தங்கை சுகாதாரத் துறை அலுவலகத்தில் சுருக்கெழுத்துத் தட்டச்சர். அங்கே எல்லோருக்கும் அவள் 'சுருக்கம்மா.' வீட்டில், நாற்பத்திரண்டு வயதிலும், 'பாப்பா.'

அடுத்தவர் உறுப்பை உடம்பு சும்மா ஏற்றுக்கொள்ளாது. அந்நியன் என்று கண்டுபிடித்துத் துரத்தப் பார்க்கும். அதைத் தூங்க வைக்க ஒரு மாத்திரை இருந்தது. காலை ஏழு மணிக்கு ஒன்று, மாலை ஏழு மணிக்கு ஒன்று, உயிர் உள்ளவரை. அரசு ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலில் மாதா மாதம் இலவசமாகக் கொடுத்தார்கள்.

அந்த வருடம் மழைக்காலம் புயலோடு ஆரம்பித்தது. ஒரே ராத்திரியில் ஊரில் பாதி ஜன்னல்கள் போயின. கடை வாசலில் அளவு எழுதிய துண்டுக் காகிதங்களோடு ஆட்கள் நின்றார்கள். அண்ணனால் நகர முடியவில்லை. அதனால் அந்த மாதம் மருந்து வாங்கத் தங்கை போனாள், அலுவலகத்தில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த மருந்தாளுநர் அவளைத் தெரிந்தவர். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, உடனே திருப்பி வைத்தார்.

"இது இந்த மாசத்துலேர்ந்து கிடையாதும்மா."

"ஸ்டாக் வரலையா சார்? அடுத்த வாரம் வரட்டுமா?"

"ஸ்டாக் இல்ல. லிஸ்டுலயே இல்ல. எடுத்துட்டாங்க. இதுக்குப் பதிலா புதுசா ஒரு கேப்சூல் வந்திருக்கு. ஒரு வேளை போட்டாப் போதும். ஆனா அது இலவசம் கிடையாது. விலையில பாதிக்குக் கொஞ்சம் கம்மியா நீங்க கட்டணும்."

அவர் சொன்ன தொகை அண்ணியின் மாதச் சம்பளத்தில் பாதி.

"எப்ப எடுத்தாங்க? யாரு எடுத்தா?"

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். மருந்தாளுநர் ஆணியில் குத்தி வைத்திருந்த சுற்றறிக்கையைக் கழற்றி ஜன்னல் வழியே நீட்டினார். "நீயே படிச்சுக்கோம்மா. ஒதுங்கி நின்னு படி."

ஓரமாக நின்று படித்தாள். 'வரிசை எண் 214 இலவச மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. ஒரே பயன்பாட்டுக்கு இரு மருந்துகள் தேவையற்றவை என்பதால், 214-அ மட்டும் பங்குத்தொகைப் பிரிவில் வழங்கப்படும்.' கீழே மருந்துப் பட்டியல் குழுத் தலைவரின் கையெழுத்து. இடது மூலையில், தட்டச்சு செய்தவர் யார் என்பதற்கு அடையாளமாகச் சின்னதாக இரண்டு எழுத்துகள்.

அவை அவளுடைய எழுத்துகள்.

தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கையில் குடை இருந்தும் அதை விரிக்கத் தோன்றவில்லை அவளுக்கு.

எட்டு வாரத்துக்கு முன்னால் நடந்த கூட்டம் அது. மருந்துப் பட்டியல் குழுக் கூட்டம். ஒலிப்பதிவு வைக்கக் கூடாது என்பது அந்தக் குழுவின் பழைய வழக்கம். அவள் மட்டும் ஓரமாக உட்கார்ந்து சுருக்கெழுத்தில் குறிப்பெடுப்பாள். மருந்துப் பெயர்கள் அடங்கிய இணைப்பு உறுப்பினர்கள் கையில் இருக்கும். அவர்கள் பேசுவதெல்லாம் எண்களில்தான். நூற்றிப் பன்னிரண்டு சரி, நூற்றி எழுபது ஒத்திவைப்பு, இருநூற்றுப் பதினாலு நீக்கம். ஏழு வருடமாகத் தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மருந்து அந்த எண்ணுக்குள் இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் ஒன்று தெரிந்திருந்தது.  கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே, அந்த ஒரு தீர்மானத்தின் வாசகம் மட்டும் தயாராக ஒரு பென்டிரைவில் வந்திருந்தது. குழுவின் ஆலோசகர் அனுப்பியது என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர். ஆலோசகர் எழுதியதாகத் தெரியவில்லை. அலுவலகத்தில் யாரும் பயன்படுத்தாத எழுத்துரு, அலுவலகத்தில் யாரும் எழுதாத வழுவழுப்பான வாக்கியங்கள். இன்னும் நடக்காத கூட்டத்தின் முடிவு. அவளுக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் தட்டச்சு மிச்சம்.

கூட்டத்தில் மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவரும் இருந்தார், 'சிறப்பு அழைப்பாளர்' என்ற பெயரில். நல்ல மனிதர். அவளுடைய முதுகுவலியை விசாரித்தார். டயாலிசிஸ் வார்டுக்கு வர்ணம் அடித்துக் கொடுத்ததும், டாக்டர்களைக் கடற்கரை ஹோட்டலில் மூன்று நாள் கருத்தரங்குக்கு அழைத்துப் போனதும் அவருடைய கம்பெனிதான். அதில் தப்பு இருப்பதாக அங்கே யாருக்கும் தோன்றவில்லை. வர்ணம் நன்றாகவே இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சோறு, பருப்பு, ஆளுக்கொரு முட்டை. மாடித் தகரத்தில் மழை கொட்டும் சத்தத்தில் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது.

"புதுசுக்கு மாறுனா வாரா வாரம் ரத்தம் டெஸ்ட் பண்ணனுமாம், அளவு சரியா இருக்கான்னு. அதுக்கும் நாமதான் கட்டணும்" என்றாள் தங்கை. "பழசே வெளிக்கடையில கிடைக்குது. விலைதான் அதிகம். இப்போதைக்கு அதையே வாங்குவோம்."

"வாங்குவோம்" என்றாள் அண்ணி. "நான் ஞாயித்துக்கிழமை ஷிப்டும் கேட்டுப் பாக்கறேன். புயலுக்கு வந்த ஜனமெல்லாம் ஹோட்டல்லதான் இருக்கு. துணி மலை மாதிரி கிடக்கு."

"ஏழு நாளும் நின்னீன்னா உன் காலு என்னாகும்?" என்றார் அண்ணன்.

"என் காலு இலவச லிஸ்டுலதான் இருக்கு. நீங்க சாப்பிடுங்க."

அண்ணன் சிரித்தார். தங்கை தலை நிமிரவில்லை. சுற்றறிக்கையின் மூலையில் இருந்த இரண்டு எழுத்துகளைப் பற்றி அவள் அன்று சொல்லவில்லை. சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அண்ணி தன் முட்டையில் பாதியைப் பிட்டு அவள் தட்டில் வைத்ததும் உள்ளே போய்விட்டது.

மூன்று வாரம் கழிந்தது. மழை விடவில்லை. சுவர்களில் பாசிப் பச்சை ஏறியது. அண்ணன் விடிந்ததும் கடைக்குப் போனால் எட்டு மணிக்குத்தான் திரும்பினார். முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. தூக்கம் போதவில்லை என்றார். எல்லோருக்குமே தூக்கம் போதாத நாட்கள்தான்.

ஒரு மதியம் அலுவலகத்தில் மின்சாரம் போனது. கணினிகள் அணைந்து, ஆட்கள் டீ குடிக்கப் போனார்கள். தங்கை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, தன் மேஜையின் அடி அறையிலிருந்து அந்தக் கூட்டத்தின் குறிப்பேட்டை எடுத்தாள். அதுவரை எடுக்கப் பயந்திருந்தாள்.

இருநூற்றுப் பதினாலு என்ற எண்ணுக்குக் கீழே ஒன்றரைப் பக்கம் இருந்தது. பேசியவர் சிறுநீரகப் பிரிவின் டாக்டரம்மா. வேகமாகப் பேசுபவர். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. தங்கை விரல் வைத்துப் படித்தாள்.

'இதுல நான் உடன்படல. நல்லா இருக்கற நோயாளிய மாத்தச் சொல்றதுக்கு மருத்துவக் காரணம் ஒண்ணும் இல்ல. கட்ட முடியாதவங்க வந்து நம்மகிட்ட சொல்லமாட்டாங்க. வீட்டுலயும் சொல்லமாட்டாங்க. ரெண்டு வேளை மாத்திரைய ஒரு வேளை ஆக்கிக்குவாங்க. மூணு நாலு வாரத்துல முகம் வீங்கி வருவாங்க. அதுக்கப்புறம் நான் என்ன பண்ணாலும் பாதிதான் காப்பாத்த முடியும். என் மறுப்ப எழுதிக்குங்க.'

அவள் எழுதித்தான் இருந்தாள். தட்டச்சும் செய்தாள். கண்காணிப்பாளர்தான் சிவப்புப் பேனாவால் அடித்தார். "இது விவாதம்மா. முடிவு மட்டும் போதும்னு மேலேர்ந்து சொல்லிட்டாங்க" என்றார்.

இரண்டாம் முறை படிக்கவில்லை. 'முகம் வீங்கி' என்ற இடத்திலேயே விரல் நின்றுவிட்டது. குறிப்பேட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

கடையில் அண்ணன் ஒரு பள்ளிக்கூடத்துக்கான ஜன்னல் கண்ணாடிகளை வெட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "என்ன பாப்பா, ஆபீசுக்கு லீவு விட்டுட்டாங்களா?" என்றார்.

அவள் நேராகப் போய் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். அளவு நாடா, பென்சில்கள், பழைய ரசீதுகள். அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. சாயங்கால மாத்திரையை அவர் கடையிலேயே போட்டுக்கொள்வார் என்பதால் பாதி அட்டைகள் அங்கே இருக்கும். இருக்க வேண்டியது ஒரு அட்டை. இருந்தவை மூன்று.

"என்ன இது?"

"வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"அடுத்த மாசத்துக்கு. ஒரு வேளை போட்டாலும் ஒண்ணும் ஆகல பாப்பா. நல்லாத்தான் இருக்கேன். அவ ஞாயித்துக்கிழமையும் போய் நிக்கறா. காலு ரெண்டும் தூண் மாதிரி வீங்கிக் கிடக்கு. எப்படிப் பாத்துக்கிட்டு..."

"அது என் கிட்னி."

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"தெரியும்" என்றார் அண்ணன். கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தார். "உன்னோடதுதான். அதான் உன்கிட்ட இன்னும் இன்னும் வாங்கக் கூடாதுன்னு பாத்தேன். மருந்துக்குப் பாதி உன் சம்பளத்துலேர்ந்து போகுது. கல்யாணமும் என்னாலதான் போச்சு. எவ்வளவுதான் வாங்கறது ஒருத்தன்?"

"அந்தாளு போனதுக்கு நான் அழுதேனா?"

"சிரிச்ச. அதுதான் எனக்குத் தாங்கல."

தங்கை மேஜையின் மறுபக்கம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்போதுதான் சொன்னாள், பட்டியலிலிருந்து அந்த மருந்தை எடுத்த தாளை அடித்தது தான்தான் என்று. டாக்டரம்மா சொன்னதை விட்டுவிட்டு அடித்தது என்று. அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "சொன்னதை அடிக்கிறதுதானே உன் வேலை" என்றார்.

"ஆமா. சொன்னதை அடிக்கலைங்கறதுதான் இங்க விஷயம்."

அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ரத்தத்தில் ஒன்று புள்ளி மூன்றாக இருக்க வேண்டிய கிரியாட்டினின், சிறுநீரகம் வடிகட்டாவிட்டால் ஏறும் கழிவு, மூன்றைத் தாண்டியிருந்தது. படுக்கையில் சேர்த்து ஊசி ஏற்ற ஆரம்பித்தார்கள்.

டாக்டரம்மாவை மறுநாள் வார்டு வராந்தாவில் பிடித்தாள். நரைத்த குட்டை முடி, ஓயாத நடை. கூடவே நடந்துகொண்டே பேச வேண்டியிருந்தது.

"நீ அந்தச் சுருக்கெழுத்துப் பொண்ணுதானே? ஓரமா உக்காந்திருப்பியே."

"ஆமாம்மா. அந்தப் படுக்கையில இருக்கறது என் அண்ணன்."

டாக்டரம்மா நின்றார்.

"நீங்க அன்னிக்குச் சொன்னது அறிக்கையில இல்லம்மா. வெட்டிட்டாங்க. நான்தான் வெட்டி அடிச்சேன். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

 ஒரு நர்ஸ் ஏதோ கேட்க வந்து, டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போனாள்.

"ரவுண்ட்ஸுக்கு நடுவுல கொண்டாந்து நீட்டுனாங்க" என்றார். "படிக்காம போட்டேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒரு பக்கம் படிக்க நேரமில்ல எனக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சொன்னேன்னு இப்ப நிரூபிக்கணும்னா?"

"என் நோட்டுல இருக்கு. முழுசா."

"அடுத்த கூட்டம் வியாழக்கிழமை. போன கூட்ட அறிக்கைய உறுதிப்படுத்தறதுக்கு முன்னாடி உறுப்பினர் யாரும் திருத்தம் கேக்கலாம். நான் கேட்டா உன்னைப் படிக்கச் சொல்வாங்க. அந்தக் கிறுக்கலை உன்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது. யோசிச்சுச் சொல்லு. எனக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட். உனக்கு அப்படி இல்ல."

தங்கை படிக்கச் சம்மதித்து, திருத்தம் கேட்டு டாக்டரம்மா கடிதம் கொடுத்த மறுநாள், கண்காணிப்பாளர் தங்கையின் மேஜைக்கு வந்தார். பன்னிரண்டு வருடமாக அவளுக்கு மேலே இருப்பவர். ஆபரேஷன் சமயத்தில் விதியைத் தளர்த்தி மூன்று மாதம் விடுப்பு வாங்கிக் கொடுத்தவர்.

"மூணு மாசம் ஆனா குறிப்பேட்டக் கிழிச்சுரணும்னு விதி இருக்கு. தெரியும்ல?"

"தெரியும் சார். இன்னும் ஆகல. அடுத்த வாரம்தான் ஆகுது."

"ஒரு வாரம் முன்னாடியே கிழிச்சா யாரும் கேக்கமாட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "நான் மிரட்டல. எனக்கே பயமா இருக்கும்மா. அதைச் சிவப்புப் பேனாவுல அடிச்சது நான். என்னை யாரு அடிக்கச் சொன்னாங்களோ அவங்க வாயால சொன்னாங்க. பேப்பர்ல இருக்கறது என் மை மட்டும்தான்."

மத்தியானம் கம்பெனிக்காரர் வந்தார். எப்போதும் போல முதலில் முதுகுவலியை விசாரித்தார்.

"உங்க அண்ணன் விஷயம் கேள்விப்பட்டேன். மனசுக்குக் கஷ்டமாயிருச்சு. எங்ககிட்ட நோயாளி உதவித் திட்டம்னு ஒண்ணு இருக்கு. புதுக் கேப்சூல், டெஸ்ட், எல்லாம் இலவசம். ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, வாழ்நாள் முழுக்க. இந்தப் படிவத்தப் பூர்த்தி பண்ணிக் குடுத்தாப் போதும்." நான்கு பக்கப் படிவத்தை மேஜையில் வைத்தார். எழுந்து போகும்போது, ஏதோ ஞாபகம் வந்தவர் போல, "பழைய நோட்டெல்லாம் எதுக்குச் சேத்து வைக்கறீங்க? மழைக்காலம். கரையான் வந்துரும்" என்றார்.

மாலைப் பார்வை நேரத்தில் அண்ணியிடம் படிவத்தைக் காட்டினாள். அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார், கையில் ஊசிக் குழாயோடு. அண்ணி சலவைக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். தங்கை எதையும் மறைக்காமல், கரையான் வரை சொன்னாள்.

"குடு" என்றாள் அண்ணி. பேனாவைக் கேட்டு வாங்கினாள். "எங்க கையெழுத்துப் போடணும்?"

"அண்ணி, இது சும்மா குடுக்கறது இல்ல."

"எனக்குப் புரியாமயா? நான் துணி தேய்க்கறவதான், மண்டைய யாருக்கும் தேய்ச்சுக் குடுக்கல. நீ நோட்டைக் கிழிக்கணும், அவங்க மருந்து குடுப்பாங்க. அவ்வளவுதானே? கிழி. ஊருக்கு நியாயம் பாக்கறதுக்கு உன்கிட்ட இன்னொரு கிட்னியா இருக்கு? கூடுதலா இருந்த ஒண்ணைத்தான் குடுத்தாச்சே."

"டாக்டரம்மா கேட்டுட்டாங்க அண்ணி. நான் இல்லைன்னா அவங்க பொய் சொன்ன மாதிரி ஆயிரும்."

"ஆகட்டும். அவங்க வீட்டுல யாரு படுத்திருக்கா?"

அண்ணன் அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "படிவத்துல எத்தனை பேரு எழுதலாம்?" என்றார்.

"ஒருத்தர்தான்ணா."

"இந்த வார்டுல பதினாறு கட்டில் இருக்கு. அதுல ஏழு பேரு என்னை மாதிரி கேஸு. அந்தக் கடைசில இருக்கற பஸ் டிரைவருக்குத் திரும்ப டயாலிசிஸ் போட்டாச்சு. அவரும் பாதிதான் போட்டிருக்காரு. எங்க வீட்டுல சொல்லிறாதீங்கன்னு என்கிட்ட சொன்னாரு."

"பதினாறு கட்டிலையும் நான் கட்டிக்கல" என்றாள் அண்ணி. "ஒண்ணைத்தான் கட்டிக்கிட்டேன்."

பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்துவிட்டார். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. கண் நிறைந்து, அதை முழங்கையால் துடைத்தாள். அண்ணன் நகர்ந்து கட்டிலில் இடம் விட்டார். அவள் அவர் காலருகே உட்கார்ந்து, முட்டியில் வைத்து நான்கு பக்கத்தையும் நிதானமாகப் பூர்த்தி செய்தாள். சலவைப் பட்டியல் எழுதிப் பழகிய குண்டு குண்டு எழுத்து. கையெழுத்திட்டுத் தங்கையிடம் கொடுத்தாள்.

"நான் குடுத்தாச்சு. நீ அவங்ககிட்ட குடுத்தாலும் சரி. குடுக்கலைன்னா எனக்குச் சொல்லாத. சொன்னீன்னா உன் மூஞ்சில முழிக்கமாட்டேன்."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். "நீ என்னண்ணா சொல்ற?"

"நான் என்ன சொல்றது பாப்பா. அன்னிக்கு ஆபரேஷனுக்கு முன்னாடியும் நீ என்னைக் கேக்கல. நானா முடிவெடுத்துட்டேன்னு வந்து நின்ன. இப்பவும் அப்படியே செய்."

வியாழக்கிழமை கூட்ட அறையில் எல்லா ஜன்னலும் மூடியிருந்தன. வெளியே மழை. தங்கை வழக்கமான ஓர நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையில் குறிப்பேடும் படிவமும் இருந்தன. கம்பெனிக்காரர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். ஆலோசகர் கைபேசியில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா எழுந்து, தன் மறுப்பு பதிவாகவில்லை என்றார். தலைவர், அப்படி ஒரு மறுப்பு சொன்னதாகத் தனக்கு நினைவில்லை என்றார். ஆலோசகருக்கும் நினைவில்லை. "குறிப்பேடு இருந்தாப் படிக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

எல்லோரும் ஓர நாற்காலியைப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் அந்த அறையில் அவள் குரல் கேட்டதே இல்லை. அவள் எழுந்து நின்று படித்தாள். டாக்டரம்மா பேசிய அதே வேகத்தில் படிக்கத் தொடங்கினாள். 'வீட்டுலயும் சொல்லமாட்டாங்க' என்ற இடத்தில் வேகம் குறைந்தது. 'முகம் வீங்கி' என்ற இடத்தில் நின்று, மூச்சு வாங்கி, மீண்டும் படித்தாள். முடித்துவிட்டு, கேட்காமலே ஒன்றைச் சேர்த்துச் சொன்னாள்.

"இந்தத் தீர்மானத்தோட வாசகம் கூட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே டைப் பண்ணி வந்துச்சு சார். வந்த தேதி என் கம்ப்யூட்டர்ல இருக்கு."

கண்காணிப்பாளர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "ஆமா சார். வந்துச்சு" என்றார்.

ஆலோசகர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "ஒரு நிமிஷம். இந்த அம்மாவோட அண்ணன் இந்த மருந்தைச் சாப்பிடற நோயாளின்னு கேள்விப்பட்டேன். அப்போ இதுல இவங்களுக்குச் சொந்த நலன் இருக்கு. இவங்க படிக்கறதை எப்படி எடுத்துக்கறது?"

தலைவர் அவளைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"ஆமா சார்" என்றாள். "என் அண்ணன்தான். அவருக்குள்ள இருக்கறது என் கிட்னிதான். எனக்குச் சொந்த நலன் இருக்கு. அதை இப்பவே எழுதிக்கறேன்." உட்கார்ந்து, புதுப் பக்கம் திருப்பி, எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவைத் தூக்காமல் நிமிர்ந்தாள். "மத்தவங்களோடதையும் சொன்னீங்கன்னா அதையும் எழுதிக்கறேன் சார்."

 கம்பெனிக்காரர் தன் கோப்பை மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். தலைவர் கடற்கரை ஹோட்டலுக்குப் போனவர்தான்.  கடைசியில், "நாம எல்லாருமே எழுதிக் குடுத்துரலாம். அது வரைக்கும் இருநூற்றுப் பதினாலோட நீக்கம் நிறுத்தி வைக்கப்படுது" என்றார். ஆலோசகர் தன்னுடையதைப் பிறகு எழுதி அனுப்புவதாகச் சொன்னார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணி காத்திருந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததுமே கேட்டுவிட்டாள். "படிவம்?"

"பையிலயேதான் இருக்கு அண்ணி."

அண்ணி திரும்பி வார்டுக்குள் போனாள். ஐந்து நாள் பேசவில்லை. ஆனால் ஐந்து நாளும் மாடிப்படியில் தங்கைக்கான சாப்பாடு மூடி வைத்திருந்தது.

அண்ணன் பதினெட்டாவது நாள் வீட்டுக்கு வந்தார். அளவு இரண்டு புள்ளி ஒன்றில் வந்து நின்றுவிட்டது, அதற்குக் கீழே இறங்கவில்லை. போனது போனதுதான் என்றார் டாக்டரம்மா. இருப்பதை வைத்து இன்னும் பல வருடம் ஓட்டலாம், கனமான தகடு தூக்கக் கூடாது, மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. பஸ் டிரைவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது. கண்ணாடிக்காரர் செவ்வாய்க்கிழமைகளில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

தங்கையைப் பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள், ஆவணக் காப்பறைக்கு. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறை என்று சொன்னார்கள். அங்கே யாரும் எதையும் பேசுவதில்லை, அதனால் குறிப்பெடுக்கவும் ஒன்றுமில்லை. கண்காணிப்பாளர் இரண்டு தடவை படியிறங்கி வந்து, ஈரம் ஜாஸ்தியா இருக்கா என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாம் தடவை ஒரு சின்ன ஹீட்டரைக் கையோடு கொண்டுவந்து வைத்தார்.

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு புதுச் சுற்றறிக்கை வந்தது. ஏற்கெனவே பழைய மாத்திரையில் இருக்கும் நோயாளிகளுக்கு அது தொடர்ந்து இலவசமாகக் கிடைக்கும். இனிமேல் ஆபரேஷன் ஆகிறவர்களுக்கு 214-அ மட்டும்தான், பங்குத்தொகையோடு.

அந்த மாதம் மருந்து வாங்க மூன்று பேருமே போனார்கள். அண்ணனைத் தனியாக அனுப்ப அண்ணிக்கு மனம் வரவில்லை. தங்கைக்கோ, ஜன்னலில் மருந்து வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. மருந்தாளுநர் அட்டையை வாங்கி, முத்திரை குத்தி, இரண்டு பெட்டிகளை நகர்த்தினார். அண்ணி அதை வாங்கித் தன் பையின் அடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினாள். மழை வலுத்திருந்ததால் விடட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

அவர்களுக்கு அடுத்து நின்றவள் சின்னப் பெண். இருபத்தைந்து இருக்கும். முகமூடி போட்டிருந்தாள், ஆபரேஷன் ஆன புதிதில் போடுவது போல. மருந்தாளுநர் மெல்லிய குரலில் விளக்கினார். அவள் திரும்பத் திரும்பத் தலையாட்டினாள். பிறகு அட்டையை வாங்கிக்கொண்டு, அண்ணியின் மடியில் இருந்த பையைப் பார்த்தபடி வந்தாள்.

"உங்களுக்குக் குடுத்தாங்களே. எனக்கு இல்லையாம். நான் போன மாசம்தான் பண்ணிக்கிட்டேன்."

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் இருவருக்கும் தெரியும், சொல்லத்தான் தெரியவில்லை. அண்ணிதான் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து, பெஞ்சில் இடம் விட்டாள்.

"உக்காரும்மா. நிக்கக் கூடாது நீ."

அந்தப் பெண் உட்கார்ந்தாள்.

"ஒரு வேளை குறைச்சுப் போட்டுப் பாக்கலாம்னு மட்டும் நினைக்காத. என்ன? நான் சொல்றதக் கேட்டுக்கோ. இவங்க என் நாத்தனார். இதப் பத்தி எங்க போய்ப் பேசணும், யாருக்கு எழுதணும் எல்லாம் இவங்களுக்குத் தெரியும்." தங்கையின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள் அண்ணி. "உனக்கு யாரு குடுத்தா?"

"எங்க அம்மா."

"அவங்க எங்க?"

"வெளிய நிக்கறாங்க. உள்ள கூட்டமா இருக்கு, உனக்கு இடைஞ்சல்னு..."

அண்ணி வாசலைப் பார்த்தாள். மழைச் சாரலில், தூணோடு ஒட்டி, ஒரு பெண் விலாவில் கை வைத்தபடி நின்றிருந்தாள்.

"உள்ள கூப்பிடு" என்றாள் அண்ணி.